காலையில் மட்டும் தேதி மறக்கும் கம்ப்யூட்டர்

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் நானும் கல்லூரியில் படிக்கும் மகளும் சேர்ந்து ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தோம். பி450 மதர்போர்டு மட்டும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழசு. ரைசன் 5 5600ஜி பிராசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க் எல்லாம் புதுசு. விண்டோஸ் 11 போட்டிருக்கிறோம். எட்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது தினமும் காலையில் ஆன் செய்தால் கருப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதி 2021 ஜனவரி 1 என்று காட்டுகிறது. அப்படியே விட்டால் இணையத்தில் ஒரு தளமும் திறப்பதில்லை. தேதியையும் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பையும் மறுபடி சரி செய்தால் ராத்திரி வரை ஓடுகிறது. போன மாதம் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டோம். அதிலிருந்து சில நாள், அப்படிச் சரி செய்த பிறகு, ஃபேன் ஓடுகிறது, டிஸ்பிளே வருவதில்லை. தானே இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்து பிறகு வருகிறது. அப்போது பார்த்தால் தேதி சரியாக இருக்கிறது, எக்ஸ்எம்பி மட்டும் போயிருக்கிறது. ஒரு கடையில் காட்டினோம். பயாஸ் (போர்டின் அடிப்படை நிரல்) அப்டேட் செய்து பார்க்கலாம், சரியாகவில்லை என்றால் போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள். நாங்களே அப்டேட் செய்யலாமா? இன்னொன்று: எங்கள் ஆத்தா இடிக்குப் பயந்து தினமும் படுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அதனால் ஏதும் கெட்டிருக்குமா?

பதில்: அண்ணே, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஆத்தா பிளக்கைப் பிடுங்குகிறார் என்று, அந்த ஒரு வரியில்தான் எனக்கு விடை கிடைத்தது. அதை எழுதாமல் விட்டிருந்தால் நானும் நாலு கேள்வி கேட்டுத் திரும்ப எழுதச் சொல்லியிருப்பேன். ஆத்தாவால் எதுவும் கெடவில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன ஒன்றை அவர் தினமும் காட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததால் ஒன்றாகக் கலந்து, போர்டே போய்விட்டது போலத் தெரிகிறது. முதலாவது பேட்டரி, இரண்டாவது ரேம். பயாஸ் அப்டேட் இரண்டுக்கும் வேண்டாம். தயவுசெய்து இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. மதர்போர்டில் எட்டணாக் காசு போல ஒரு வட்ட பேட்டரி பளபளவென்று உட்கார்ந்திருக்கும். சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அந்த 2032 என்ற எண்ணே இந்த அளவுதான். 3 வோல்ட் லித்தியம் செல். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பதும், செட்டப்பில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் பயாஸ் திரையில், நீங்கள் மாற்றியவற்றை மறக்காமல் வைத்திருப்பதும் இதன் வேலை. கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் உண்டு. நொடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், அதுதான் ஒரு நொடி. கைக்கடிகாரத்திலும் இதே கணக்குத்தான். இந்தப் படிகத்துக்குத் தேவைப்படும் மின்சாரம் மிக மிகக் குறைவு. அதனால்தான் இத்தனூண்டு பேட்டரி பல வருடம் தாங்குகிறது.

பிளக் சொருகியிருக்கும்போது கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) 5 வோல்ட்டை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் சில போர்டுகளில் அதற்கு ஒரு விளக்கே எரிவது தெரியும். அது வந்துகொண்டிருக்கும்வரை கடிகாரத்துக்குப் பேட்டரியே தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கியதும் பொறுப்பு முழுக்கப் பேட்டரிக்கு வந்துவிடுகிறது. உங்கள் போர்டு பழசு. பி450 வெளிவந்தது 2018ல். அதோடு வந்த பேட்டரியே இன்னும் இருந்தால், அது எத்தனை நாள் கடை அலமாரியில் மின்சாரமே இல்லாமல் கிடந்து தீர்ந்ததோ தெரியாது. சும்மா கிடக்கும் போர்டில்தான் பேட்டரி அதிகம் செலவாகும்.

இன்றிரவே சோதித்துவிடலாம், காசு செலவில்லை. வானம் தெளிவாக இருந்தால் ஆத்தாவிடம் சொல்லி ஒரே ஒரு ராத்திரி பிளக்கை அப்படியே விடச் சொல்லுங்கள். விண்டோஸை ஷட்டவுன் மட்டும் செய்யுங்கள், சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டாம். காலையில் தேதி சரியாக இருந்து எஃப்1 கேட்காமல் திறந்தால், பேட்டரிதான் என்று நிச்சயம். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியைக் கழற்றி அளந்தும் பார்க்கலாம். புதுசு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.8க்குக் கீழே இறங்கியதை நான் திரும்பப் போடுவதே இல்லை.

தளங்கள் ஏன் திறப்பதில்லை என்பதற்கும் காரணம் இதுதான். ஒவ்வொரு தளமும் தான் இன்னார் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதற்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2021ல் நின்றுகொண்டு பார்த்தால், அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. அதனால் பிரவுசர் கதவைச் சாத்திவிடுகிறது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்துவிட்டு இந்தக் காரணத்தோடு என்னிடம் வந்தவர்கள் பலர்.

பேட்டரி மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. உங்கள் மகள் பிராசசரையே பொருத்தியவர், இது அவருக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் திறப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் 11 பல நேரம் நம்மைக் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும், பிட்லாக்கர் என்பார்கள். போர்டின் பாதுகாப்பு அமைப்பில் மாற்றம் தெரிந்தால் நீலத்திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். உங்களுக்குத் தினமும் செட்டப் அழிந்தும் விண்டோஸ் திறப்பதால் அநேகமாகக் கேட்காது. இருந்தாலும் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் கையால் எழுதி பீரோவில் வையுங்கள். ஒரு மாணவி தன் புராஜெக்ட் முழுவதும் இருந்த கம்ப்யூட்டரை என்னிடம் கொண்டுவந்தார். திரையில் அந்தக் கேள்வி. அவரிடம் கீ இல்லை, கணக்கின் பாஸ்வேர்டும் மறந்துபோயிற்று. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்ததில் ஒரு ஃபைலைக்கூட என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை அழுதது இன்னும் என் மனசில் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் பேட்டரி மறைவில்லாமல் தெரியும். அதன் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு போன்ற கொக்கி இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானே துள்ளி எழும். ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், வழுக்கினால் பக்கத்தில் இருக்கும் தடங்கள் கீறிப்போகும். ஐந்து நிமிடம் காலியாக விட்டு, புதுசை எழுத்து இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். கடையில் 2025 கொடுத்து ரெண்டும் ஒன்றுதான் என்பார்கள், வாங்காதீர்கள். அது 2.5 மில்லிமீட்டர்தான், உள்ளே ஆடும். நல்ல கம்பெனியாகவே வாங்கினாலும் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கழற்றிய பழைய பேட்டரியைத் திண்ணையில், ஜன்னல் மாடத்தில் என்று எங்கேயும் வைத்துவிடாதீர்கள். வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வந்து போவார்கள். இந்த அளவு லித்தியம் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோகும். கம்ப்யூட்டருக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் 1953லிருந்து நம் காரைக்குடியில் நடக்கிறது, பேட்டரி ஆராய்ச்சி அங்கே முக்கியமான வேலை. அப்படிப்பட்ட ஊரில் பேட்டரியைக் குப்பையோடு குப்பையாகப் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

மாற்றிய பிறகு முதல் தடவை எஃப்1 கேட்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள். செட்டப்புக்குள் போய், ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் என்பதை ஏற்றி, தேதி, நேரம் வைத்து, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கிறதா, எஃப்டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, எஃப்10 அழுத்தி வெளியே வாருங்கள். எக்ஸ்எம்பியை மட்டும் இப்போது தொட வேண்டாம்.

இனி ரேம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், டிஸ்பிளே வராத நாளில் தேதி சரியாக இருக்கிறது, எக்ஸ்எம்பி மட்டும் போயிருக்கிறது என்று கவனித்து எழுதியது. கவனித்தது மகளாக இருந்தால் அவரிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். பேட்டரிக் கோளாறாக இருந்தால் தேதியும் சேர்ந்து போயிருக்கும். இங்கே நடப்பது வேறு. எக்ஸ்எம்பி என்பது ரேமை அதன் அட்டையில் எழுதிய வேகத்துக்கு ஓட்டச் சொல்லும் ஒரு தயார்க் குறிப்பு. போர்டு ஒவ்வொரு தடவையும் அந்த வேகத்தில் ரேமோடு பேசிப் பார்க்கிறது. ஒத்துவரவில்லை என்றால் அணைந்து மறுபடி முயல்கிறது. இரண்டு மூன்று தடவை தோற்றதும், வேண்டாம் என்று மெதுவான வேகத்துக்குத் தானே இறங்கித் திரையைக் கொடுக்கிறது. நீங்கள் பார்த்த அணைந்து எரிவது இதுதான். அது போர்டு சாகும் அறிகுறி இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. பேட்டரி தினமும் செட்டப்பை அழிக்க, நீங்கள் தினமும் எக்ஸ்எம்பியைப் போட, அந்தப் பரீட்சை தினமும் நடந்திருக்கிறது. ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில்.

இரண்டு ரேமும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா? அட்டையைப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் 3200 என்றே இருக்கலாம், ஆனால் சிஎல் என்ற தாமத எண் ஒன்றில் சிஎல்16, இன்னொன்றில் சிஎல்22 என்று இருந்தால் இரண்டுக்கும் நடை வேறு. ஒன்றின் குறிப்பை மற்றதன் மேல் சுமத்தினால் தடுமாறும். ஸ்லாட்டையும் பாருங்கள். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு முனையும் டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினீர்களா என்பதும் முக்கியம்.

ஒரு வாரம் எக்ஸ்எம்பி இல்லாமல் ஓட்டுங்கள். கருப்புத் திரை ஒரு தடவைகூட வரவில்லை என்றால், ரேம் நல்ல ரேம்தான், ஜோடிதான் பொருந்தவில்லை. அப்போது வேகத்தைக் கையால் 2933 என்று வைத்துப் பாருங்கள். 3200க்கும் அதற்கும் மகள் செய்யும் வேலையில் வித்தியாசம் தெரியாது. எக்ஸ்எம்பி இல்லாமலும் வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டு, மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலைப் பெண்டிரைவில் ஏற்றி நான்கு சுற்று ஓட விடுங்கள். சில மணி நேரம் பிடிக்கும். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை வாரண்டியில் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான், ஒன்றுதானே என்று விடக்கூடாது. திரை வராத நேரத்தில் போர்டின் ஓரத்தைப் பாருங்கள். பல போர்டுகளில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு பொட்டு விளக்குகள் உண்டு. டிரேம் எரிந்தபடி நின்றால் நான் சொன்னது உறுதி. சிபியு எரிந்து நின்றால் கதை வேறு, அப்போது எனக்கு எழுதுங்கள்.

இப்போது அந்த பயாஸ் அப்டேட். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. காய்ச்சல் என்றாலே ஊசி போடுவது போல இது ஒரு பழக்கமாகிவிட்டது. ஆனால் பயாஸ் அப்டேட் என்பது போர்டின் சிப்பில் இருக்கும் அடிப்படை நிரலை அழித்துவிட்டு வேறு எழுதுவது. அழித்த பிறகு, எழுதி முடிக்கும் முன் கரண்ட் போனால் ஆன் ஆவதற்கான நிரலே உள்ளே இருக்காது. ஐப்பசியில் ஒரு சாயங்காலம், தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் யுபிஎஸ் இல்லாமலே நான் அப்டேட் போட்டேன். மழை இன்னும் வரவில்லை, இடி மட்டும் தூரத்தில். பாதியில் கரண்ட் போயிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த போர்டு, என் கையால் போயிற்று. சிப்பில் கிளிப் மாட்டி வெளியிலிருந்து எழுதி ஒரு வாரத்தில் மீட்டுக் கொடுத்தேன், அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு யுபிஎஸ் இல்லாத வீட்டில் நான் அப்டேட் செய்ததே இல்லை.

உங்களுக்கு அப்டேட் தேவையா என்றும் யோசித்துப் பாருங்கள். 5600ஜி 2021ல் வந்த பிராசசர். 2018ன் பி450 போர்டு அதை அடையாளம் கண்டு ஓட்டுகிறது என்றால், விற்றவரோ, அதற்கு முன் வைத்திருந்தவரோ, போர்டு கம்பெனியோ பயாஸை ஏற்கெனவே புதுப்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். புதிய பிராசசர் மாற்றும்போதோ, போர்டு கம்பெனி தன் தளத்தில் உங்கள் பிரச்சினையைப் பெயர் சொல்லிச் சரிசெய்திருப்பதாக எழுதியிருந்தாலோ, பாதுகாப்புக் குறை ஒன்றை அடைத்திருந்தாலோதான் அதைத் தொடலாம். தீர்ந்த பேட்டரியை எந்த அப்டேட்டும் நிரப்பாது.

எப்போதாவது செய்ய நேர்ந்தால் இவ்வளவு போதும்: எக்ஸ்எம்பியை அணைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, போர்டு கம்பெனியின் தளத்தில் மட்டும் உங்கள் மாடலுக்கான ஃபைலை எடுங்கள். மாடல் பெயரில் கடைசி எழுத்து வரை ஒத்துப் பாருங்கள், போர்டின் ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். எஃப்ஏடி32ல் ஃபார்மேட் செய்த பெண்டிரைவில் போட்டு, விண்டோஸுக்குள்ளிருந்து செய்யாமல் செட்டப்பிலிருந்தே செய்யுங்கள். கட்டாயம் யுபிஎஸ், மாலை இடி நேரத்தைத் தவிர்த்துக் காலையில். கேபினெட்டின் பின்புறம் ஃப்ளாஷ்பேக் என்று எழுதிய பட்டன் இருந்தால் உங்களுக்குக் கொடுப்பினை, பாதியில் நின்றாலும் அதை வைத்து மறுபடி எழுதிவிடலாம். எல்லா பி450லும் அது கிடையாது.

இன்னும் ஒரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் வயரிங்கும் பல இடத்தில் பழசு. சுவர் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் வயர் பின்னால் எங்கேயும் போகாது. வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நின்று கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? இருந்தால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் ஃபில்டர் வழியாக வரும் கசிவுக்கு இறங்க வழியில்லை, பெரும்பாலும் அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறைக்காவது ஒழுங்கான எர்த் இழுத்துவிடுங்கள். போர்டின் ஆயுளுக்கும் நல்லது, மகள் கை வைக்கிற பொருள் வேறு.

ஆத்தாவைப் பிளக் பிடுங்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இடி இறங்கினால் சர்ஜ் புரொடெக்டரைவிட அது பெரிய காவல். நெட் வயர் மோடத்திலிருந்து வருகிறது என்றால் அதையும் சேர்த்தே கழற்றச் சொல்லுங்கள், இடி அந்த வழியாகவும் வரும். புதுப் பேட்டரி போட்ட பிறகு அவர் தினமும் பிடுங்கினாலும் கடிகாரம் நிற்காது, பேட்டரி மட்டும் சற்றுச் சீக்கிரம் தீரும்.

எல்லாம் சரியாக அமைந்ததும் செட்டப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பேட்டரியும் ஓரிரு மாதத்தில் இறங்கிவிட்டால், போர்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது. அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அப்போது கம்ப்யூட்டரை அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள், அந்தப் போட்டோக்களையும் மறக்காமல்.